பிஸ்கட் டின்னுக்குள் உறங்கும் பற்றரிகள்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவின் சமையலறை அலுமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பிஸ்கட் தீர்ந்து பல வருடங்களாகிவிட்டன. இப்போது அதற்குள் பழைய போன் பற்றரிகள் நான்கு, ரிமோட்டிலிருந்து கழற்றிய பென்டோர்ச் பற்றரிகள் ஒரு கைப்பிடி, அப்பாவின் கமெராப் பற்றரி ஒன்று, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத இரண்டு சாவிகள், கடையில் எவரும் வாங்காத சதக் குற்றிகள். "ஒரு நாளைக்கு உதவும்" என்பது அம்மாவின் வாதம். உலோக டின், உலோகச் சாவி, முழுதாக உயிர் போகாத பற்றரி. தீப்பெட்டியைக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு அலட்சியமாக வைப்பதில்லை.

பற்றரி திருத்துவது என் தொழில் அல்ல. எங்கள் தொடர்மாடியில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒரே ஆள் நான், அவ்வளவுதான். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு வாங்கிக் குவித்த எமர்ஜென்சி லைட், கையடக்க மின்விசிறி, ரவுட்டருக்கான சிறு யூபிஎஸ் எல்லாம் இப்போது முதுமை அடைந்து, ஒவ்வொன்றாக என் கதவைத் தட்டுகின்றன. அப்படி வந்தவற்றைப் பார்த்துச் சேர்த்த அறிவுதான் கீழே இருப்பது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு வேலை: பற்றரி எந்த வகை என்று லேபலில் பாருங்கள். 3.6, 3.7, 3.85 வோல்ட் என்றிருந்தால் லித்தியம் அயன். 3.2 என்றால் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று. 1.2 என்றால் நிக்கல் வகை. 4, 6 அல்லது 12 வோல்ட் என்று எழுதியிருந்து, கையில் எடுத்தால் அம்மிக்கல்லைப்போலப் பாரமாகவும் இருந்தால் ஈயம். ஒரு வகைக்கு மருந்தாவது இன்னொரு வகைக்கு நஞ்சாகிவிடும்.

சீறுகிறது, புகைகிறது, நகப்பூச்சு அகற்றும் திரவம்போல மணக்கிறது

இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆட்களை அறையிலிருந்து வெளியே அனுப்பி, கதவைச் சாத்துங்கள். இலங்கையில் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990.

அந்த இனிப்பான மணம் பற்றரிக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேறுவதால் வருவது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. வெளிவரும் புகையில் ஐதரசன் புளோரைட்டும் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. எரியும் பற்றரியைக் கையில் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடுவது வீரம் அல்ல. பற்றரி இரண்டாவது தடவை சீறும்போது அது உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும்.

போன் அளவிலான பற்றரி, பிளக்கிலிருந்து கழன்றிருக்கிறது, தீயும் சிறியது என்றால், தள்ளி நின்று தண்ணீர் ஊற்றலாம். நிறைய ஊற்றவும் வேண்டும். "லித்தியம் தண்ணீரில் வெடிக்கும்" என்று பாடசாலையில் படித்தது உலோக லித்தியத்துக்குப் பொருந்தும். போன் பற்றரியை உலோக லித்தியத்தைக் கொண்டு செய்வதில்லை. தண்ணீரின் வேலை அதைக் குளிரச் செய்வது. அணைந்த பின்னும் மணிக்கணக்கில் கழிந்து மீண்டும் பற்றிக்கொள்ளலாம் என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மின்சைக்கிள், இன்வேட்டர் அளவுப் பற்றரியாக இருந்தால் தண்ணீர் வாளியை மறந்துவிட்டு இறங்கி வெளியே போங்கள். இன்னொன்று: மின்சைக்கிளைப் படிக்கட்டின் அடியில் சார்ஜ் போடும் வழக்கம் எங்கள் கட்டடத்திலும் இருந்தது. தீ வந்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய ஒரே வழி அந்தப் படிக்கட்டுத்தான். சொல்லிச் சண்டை பிடித்துத்தான் நிறுத்தினேன்.

குழந்தை பொத்தான் பற்றரியை விழுங்கிவிட்டது, அல்லது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம்

இந்தப் பற்றரிகள் பெரும்பாலும் மீள மின்னேற்றும் வகை அல்ல. ஆனாலும் எல்லா வீட்டு டின்னிலும் இவை இருப்பதால் விட்டுவிட முடியாது. ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, சமையலறைத் தராசு எல்லாவற்றிலும் இருக்கும் சிஆர் 2032 என்ற 20 மில்லிமீற்றர் வட்டம் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளச் சரியான அளவு. ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகும். இரண்டு மணித்தியாலத்துக்குள் தசை வெந்துவிடும். பற்றரி செத்துவிட்டது என்று ஆறுதலடைய வேண்டாம். பொம்மையை இயக்க முடியாத பற்றரியிலும் இதைச் செய்யுமளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பில் என்றால் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணித்தியாலத்துக்கு உட்பட்டிருந்து, விழுங்கவும் முடியுமானால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். அது பற்றரிக்கும் தசைக்கும் இடையில் பூச்சாக நிற்கும். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதப்படுத்த வேண்டாம். அதே வகைப் பற்றரி இன்னொன்று வீட்டில் இருந்தால் வைத்தியருக்குக் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.

மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டிருந்தாலும் இதே அவசரம்தான். ஆனால் தேன், துளிமருந்து எதுவும் விட வேண்டாம்.

போனின் முதுகு எழும்பி நிற்கிறது. திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது

அதிகம் வருவது இதுதான். மூன்றாம் மாடி அன்ரி ஒரு நாள் தன் போனை இறப்பர் வளையம் இரண்டு போட்டு இறுக்கிக் கொண்டுவந்தார். "மூடி கழன்றுவிட்டது தம்பி, கொஞ்சம் ஒட்டித் தர முடியுமா?" மூடி கழரவில்லை. உள்ளே பற்றரி வயிறு ஊதி, அதைத் தள்ளியிருந்தது. வளையங்களைக் கழற்றும்வரை நான் மூச்சு விடவில்லை.

உள்ளே நடப்பது இது. லித்தியம் அயன் பற்றரியில் இரண்டு மெல்லிய படலங்கள், அவற்றுக்கு நடுவில் காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு, எல்லாவற்றையும் நனைத்தபடி ஒரு திரவம். சூடும் வயதும் அளவுமீறிய சார்ஜும் அந்தத் திரவத்தைச் சிதைக்கின்றன. சிதைந்தால் வாயு. வாயு போக வழியில்லாததால் அலுமினியப் பை ஊதுகிறது. ஊதிய பற்றரி இந்த நிமிடமே வெடிக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் அதை நசுக்கினால், குத்தினால், மீண்டும் சார்ஜ் போட்டால் நடுத்தடுப்புக் கிழிந்து இரண்டு படலமும் தொட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் முதல் தலைப்புக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

செய்ய வேண்டியவை: சார்ஜரைக் கழற்றுங்கள். போனை அணையுங்கள். படங்களைப் பிரதி எடுக்க வேண்டும் என்று மறுபடி சார்ஜ் போட வேண்டாம்; இருக்கும் மின்சாரத்தில் முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் பற்றரி மாற்றிய பின் எடுங்கள். போனைக் கீழ்மாடியில் செடி வைக்கும் மண்சட்டி ஒன்றில் காய்ந்த மணல் போட்டு அதன் மேல் வையுங்கள். மேலே ஓடு ஒன்றைத் தளர்வாக வைத்து மூடலாம். வாயு வெளியேற வழி வேண்டும் என்பதால் இறுக்கி அடைக்கக் கூடாது. வெயிலும் மழைச்சாரலும் படாத மூலையில், திரைச்சீலைக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் தூரமாக இருக்கட்டும். பிறகு திருத்துபவரிடம், அவர் கையால் கழற்ற.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை மிகுந்த நம்பிக்கையோடு பரவுகின்றன. ஊசியால் குத்திக் காற்றை விடுவது தற்கொலைக்குச் சமம். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் படியும். பழுது எதுவும் சரியாகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மின்சாரத்தை இறக்குவது என்றால், முனைகள் அரித்து வாயு கிளம்பும், உள்ளே மின்சாரம் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவும் போவதில்லை.

அன்ரியின் போனில் பற்றரி மாற்றியதும் நன்றாக வேலை செய்கிறது. இறப்பர் வளையங்களை அவர் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்.

சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு

இளஞ்சூடு இயல்பு. உள்ளங்கையில் பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் இயல்பல்ல. லித்தியம் அயன் பற்றரியைச் சார்ஜ் செய்ய வழக்கமான உச்ச எல்லை 45 பாகை செல்சியஸ். கொழும்பில் பகலில் அறையே 30 பாகை. நாங்கள் பாதி வழி ஏறித்தான் பயணத்தைத் தொடங்குகிறோம். மரைன் டிரைவ் பக்கம் மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் மாலை மூன்று மணி வெயில் நேரே ஜன்னல் திண்ணையில் விழும். போனைச் சார்ஜ் போட எல்லோரும் தேர்ந்தெடுப்பதும் அந்தத் திண்ணையைத்தான்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். தலையணை, மெத்தை, பிள்ளையின் பஞ்சுப் பொம்மை எதற்கும் கீழே வேண்டாம். உறையைக் கழற்றுங்கள். அப்படியும் சூடானால் வேறு கேபிள், பிறகு வேறு சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே தடவையில் இரண்டையும் மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாது. சூடு போனின் அடிப்புறம், துளைக்கு அருகில் மட்டும் என்றால் அங்கே தூசியோ உப்புத் துருவோ இருக்கிறது. முதுகு முழுவதும் என்றால் பற்றரி. சார்ஜரே சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் மணம் வருகிறது என்றால் பரிசோதனை முடிந்துவிட்டது. அதைத் தூக்கி எறியுங்கள். சுவருக்கு அருகே மூன்று மல்டி பிளக்கை ஒன்றிலொன்று செருகிக் கோபுரம் கட்டியிருந்தால், போனைக் குறை சொல்ல முன் அதைக் கலையுங்கள்.

30 வீதம் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது

ஆபத்து இல்லை, வயது. பற்றரியின் உள்தடை, அதாவது தனக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, கூடிவிட்டதால், கமெராவைத் திறந்ததும் வோல்ட் சரிந்து போன் பயந்து அணைகிறது. சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியதும் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். மாற்றுங்கள்.

மாதம் ஒருமுறை முழுதாகக் காலியாக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது நிக்கல் கட்மியம் காலத்து அறிவுரை. அன்று அது சரி. லித்தியத்துக்கு அது பட்டினி போடுவதுதான். 20க்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருந்தால் அது நீண்ட நாள் வாழும். ஊருக்குப் போகிறீர்கள், மேலதிக போன் ஒன்றை ஆறு மாதம் லாச்சியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி ஏற்றி, அணைத்து வையுங்கள். முழுதாக வெறுமையாக வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பற்றரி 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும். அந்த நிலையில் உள்ளே செப்புப் படலம் கரையத் தொடங்கும். அதன் பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச் சுற்று. "ஆறு மாதம் கழித்தும் சார்ஜ் பிடிக்கவில்லை, வேறு சார்ஜரால் எழுப்பித் தா" என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

20,000 என்று எழுதிய பவர் பேங்க் போனை மூன்று முறைகூட ஏற்றவில்லை

பாதி உங்கள் பக்கத் தவறான எதிர்பார்ப்பு, மீதி சில வேளை மோசடி. பெட்டியில் இருக்கும் எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கு. 10,000 மில்லியம்பியர் மணி என்றால் 37 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட். கணக்குப் போட்டால் 7,400. மாற்றும்போது வீணாகும் சூட்டையும் கழித்தால் 6,500க்கு அருகே. போனில் எழுதிய எண்ணும் 5 வோல்ட்டுக்கு அல்ல, அதன் பற்றரியின் குறைந்த வோல்ட்டுக்குத்தான் என்பதால், 5,000 கொள்ளளவு உள்ள போனை ஒன்றரை முறை ஏற்றினால் அந்தப் பவர் பேங்க் நேர்மையானது. 20,000க்கு மூன்று முறை. அதற்கு வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

விமானத்தில் கொண்டுபோக வேண்டுமானால் இதே கணக்கு உதவும். 100 வாட் மணி வரை கைப்பையில் அனுமதி, அதாவது 27,000 வரை. கீழே போகும் பெட்டியில் எந்த அளவும் கூடாது.

டோர்ச்சுக்கு வாங்கும் 18650 என்ற உருளைப் பற்றரிகளில் மோசடி இன்னும் வெளிப்படை. புறக்கோட்டை நடைபாதையில் 9,900 என்று அச்சிட்டவை பளபளப்பாகக் கிடக்கும். அந்த அளவு உருளைக்குள் உண்மையில் அடங்குவது 3,500 சொச்சம்தான். நல்லது ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. தபால் தராசிலோ சமையலறைத் தராசிலோ நிறுத்துப் பாருங்கள். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி காற்று. என்னிடம் வந்த ஒன்றை வெட்டிப் பார்க்கும் ஆசை வந்தது, வெட்டவில்லை. நீங்களும் வெட்ட வேண்டாம்.

எமர்ஜென்சி லைட் பத்து நிமிடத்தில் மங்கிவிடுகிறது

2022இன் பிள்ளைகள் இவர்கள். மின்வெட்டு ஓய்ந்ததும் இவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிட்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னாரே, அன்று வெளியே எடுத்தபோதுதான் பாதிக்கு மேல் செத்திருந்தது தெரிந்தது. குரங்கின் மேல் எல்லோருக்கும் கோபம். தன் விளக்கை மூன்று வருடம் பட்டினி போட்டதற்கு எவரும் வருந்தவில்லை.

இந்த விளக்குகள் பலவற்றில் இருப்பது 4 அல்லது 6 வோல்ட் ஈயப் பற்றரி. ஈயத்தின் குணம் லித்தியத்துக்கு நேர் எதிர்: அதை நிறைத்துத்தான் வைக்க வேண்டும். காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்காக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அது கரையாது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நினைவுக்காகப் பூரணை நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, சார்ஜ் போடுங்கள்.

ஏற்கெனவே மங்கிவிட்டால்: பெட்டியில் குறித்த நேரத்துக்குச் சார்ஜ் போடுங்கள், கழற்றி நான்கு மணித்தியாலம் ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பற்றரி என்றால் 12.7க்கு அருகே காட்டினால் சுகம். 12க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். 6 வோல்ட்டுக்கு இவற்றில் பாதி, 4 வோல்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீட்டர் இல்லையா? விளக்கைப் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள்.

கணினியின் யூபிஎஸ்ஸுக்கும் இதே விதி. கூடவே ஒரு தண்டனை: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, காற்றில்லாமல் அடைத்து வைத்தால் ஐந்து வருடம் என்று விற்றது இரண்டரை வருடத்தில் முடிவது அதனால்தான்.

யூபிஎஸ், இன்வேட்டர் பக்கத்திலிருந்து அழுகிய முட்டை மணம்

அளவுமீறி சார்ஜ் ஏறிச் சுடும் ஈயப் பற்றரி. அந்த மணம் ஐதரசன் சல்பைட்டு. கூடவே மணமில்லாத ஐதரசனும் வரும், அதுதான் தீப்பற்றுவது. ஜன்னல்களைத் திறவுங்கள். தீக்குச்சி வேண்டாம், சாமி விளக்கு அருகில் எரிந்தால் அதை முதலில் அமர்த்துங்கள். சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். ஆறிய பின் பற்றரி ஊதியிருந்தால் இழுத்துக் கழற்ற முயலாமல் பெட்டியோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மூடி திறந்து நீர் ஊற்றும் இன்வேட்டர்ப் பற்றரி என்றால் வடிகட்டிய பற்றரித் தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீர் அல்ல.

ரவுட்டர் யூபிஎஸ் போட்டதிலிருந்து இணையம் விட்டுவிட்டு வருகிறது

ரவுட்டரின் அடியில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். யூபிஎஸ்ஸில் தவறான வோல்ட் துளையில் செருகியிருக்கிறீர்கள். சரியாக இருந்தும் அரை மணித்தியாலத்தில் அணைந்தால் உள்ளே இருக்கும் இரண்டு அல்லது மூன்று உருளைப் பற்றரிகள் களைத்துவிட்டன. வருடம் முழுக்க நூறு வீதத்தில் நின்று, ரவுட்டரின் சூட்டையும் வாங்கினால் அப்படித்தான். ரவுட்டர் மேல் அடுக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

பென்டோர்ச் அளவுச் சார்ஜ் பற்றரி பாவிக்காமலே தானாக இறங்குகிறது

சாதாரண நிக்கல் வகை சும்மா கிடந்தாலும் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். பழுது அல்ல. தானாக இறங்காத வகை என்று தனியாக விற்கிறார்கள், சற்று விலை. கமெரா, பிள்ளையின் விளையாட்டுக் காருக்கு அதை வாங்குங்கள். சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண ஒருமுறைப் பற்றரியே போதும்.

சோடியில் ஒன்று மட்டும் எப்போதும் முதலில் விழுந்தால், அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு மறுநாள் அளந்து 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதை விலக்குங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். சார்ஜ் ஏற்ற முடியாத அல்கலைன் பற்றரியைச் "சும்மா முயன்று பார்ப்போம்" என்று சார்ஜரில் போட்டால் கசியும், சில வேளை வெடிக்கும். அதேபோல் சிஆர் என்று தொடங்கும் பொத்தான் பற்றரிக்குச் சார்ஜ் கிடையாது. எல்ஐஆர் என்று தொடங்குவதற்குத்தான் உண்டு.

முனையில் வெள்ளைத் தூள், பச்சைத் துரு

சமையலறைக்குப் போகலாம். ஆனால் எந்தப் போத்தலை எடுப்பது என்பது வகையைப் பொறுத்தது.

ரிமோட்டில் அல்கலைன் அல்லது நிக்கல் பற்றரி பூத்திருந்தால் அந்தத் தூள் காரம், பொட்டாசியம் ஐதரொட்சைட்டும் அதிலிருந்து விளைந்ததும். காரத்தை அமிலம் அடக்கும். பஞ்சுக்குச்சியில் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி தொட்டுத் துடையுங்கள். நுரைத்து அடங்கியதும் ஈரத்துணி, பிறகு காயவிடுங்கள். வெறுங்கையால் வேண்டாம், அந்தக் கையால் கண்ணைக் கசக்க வேண்டவே வேண்டாம்.

ஈயப் பற்றரியின் முனையில் வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் அது கந்தக அமிலத்தின் வேலை. அங்கே தேசிக்காய் எரியும் நெருப்பில் எண்ணெய். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவுங்கள். கடைசி வீட்டு மாமி இரண்டையும் கலந்து ஊற்றினார். அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, துரு அப்படியே இருந்தது.

லித்தியம் பற்றரி கசிந்தால் இரண்டுமே வேண்டாம். கையுறையோடு எடுத்து மணல் சட்டிக்குள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் பாதையைத் தாண்டி வரும் உப்புக்காற்று, கசியாத பற்றரியின் முனையையும் பச்சையாக்கிவிடும். பற்றரி உலர்ந்து சுத்தமாக, சாதனத்தின் கம்பிச்சுருள் மட்டும் பச்சை என்றால் அது கடலின் கைவரிசை. பற்றரியை எடுத்துவிட்டு, பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தால் போகும்.

நனைந்துவிட்டது

அரிசிக்குள் புதைப்பதால் அரிசிதான் வீணாகும். அணைத்து, சார்ஜ் போடாமல், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். கடல் நீரில் விழுந்திருந்தால் உலர்ந்த பின்னும் உப்பு உள்ளே இருக்கும், நம்பவே வேண்டாம். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், மூழ்கிய இன்வேட்டர்ப் பற்றரியை நீரில் நின்றபடி தொடாதீர்கள். வீட்டின் பிரதான மின்சாரம் நிறுத்தப்பட்டாலும் அதற்குள் மின்சாரம் இருக்கும்.

டின் நிறைந்துவிட்டது

இப்போது அம்மாவின் டின்னுக்கு வருவோம்.

முதலில் சாவியையும் சதத்தையும் வெளியே எடுத்தேன். பிறகு ஒவ்வொரு பற்றரியின் முனைக்கும் இன்சுலேஷன் டேப். லித்தியத்துக்கும் 9 வோல்ட் சதுரப் பற்றரிக்கும் இது கட்டாயம். இரண்டு முனையும் பக்கத்துப் பக்கம் இருக்கும் அந்தச் சதுரம் ஒரு சாவி தொட்டாலே சூடாகிவிடும். வகை வகையாகப் பிரித்து, உலோக டின்னை விட்டுப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டேன். ஊதிய போன் பற்றரி ஒன்று இருந்தது. அது மட்டும் மணல் சட்டிக்கு.

மாநகர சபைக் குப்பை லொறியில் ஏன் போடக் கூடாது? அந்த லொறி குப்பையை நசுக்கும் லொறி. நசுக்கப்பட்ட லித்தியம் பற்றரி லொறிக்குள்ளேயே பற்றும். பின்னால் தொங்கிக்கொண்டு போகும் தொழிலாளிக்குத்தான் அது முதலில் தெரியவரும். அங்கே தப்பினால் குப்பைமேட்டுக்கோ கெரவலப்பிட்டி எரி ஆலைக்கோ போகும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்த நகரம் இது. எங்கள் குப்பை எங்கோ போய்விடுவதில்லை, யாரோ ஒருவருடைய வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறது.

ஈயப் பற்றரி எளிது. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், கேளுங்கள். போத்தல் பேப்பர்காரரும் நிறைக்குப் பணம் தருவார். ஆனால் அது அடுப்பில் உருக்குபவரின் கைக்குப் போனால் அங்கே விளையாடும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறும். சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக நான் அவரிடம் கொடுப்பதில்லை.

லித்தியத்துக்கும் நிக்கலுக்கும் மின்கழிவு சேகரிப்பு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க விசேட வர்த்தமானிப்படி, அட்டவணைப்படுத்தப்பட்ட ஆபத்தான கழிவைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. ஆகவே பத்தரமுல்லையில் இருக்கும் அந்த அதிகார சபையிடம் அனுமதி பெற்ற சேகரிப்பாளர் யார் என்று கேட்டால் போதும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் நிலையங்கள் சிலவற்றில் மின்கழிவுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். போன் பற்றரிக்கு அது வசதி. ஊதியதைப் பெட்டிக்குள் ஓசைப்படாமல் போட்டுவிட்டு வராதீர்கள். கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள். தபாலில் அனுப்புவதும் கூடாது.

ஒரு சனிக்கிழமை டப்பாக்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அம்மா டின்னைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். பயற்றம் பணியாரம் போட்டு வைக்கப் போகிறாராம். அப்பாவின் பழைய கமெராப் பற்றரி நிக்கல் கட்மியம், அது அந்த டின்னின் அடியில் கசிந்திருந்தது என்று விளக்க எனக்கு அரை மணித்தியாலம் ஆயிற்று. இப்போது அதற்குள் ஊசியும் நூல் கட்டைகளும் இருக்கின்றன.